ஒரு விரல் மண்

தோவாளையில் பிறந்தவனுக்குப் பூ என்பது எடை. விடியுமுன் பறித்து, ஈரத்துணி மூடி, சந்தைத் தராசில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் கை கழுவ வேண்டிய சரக்கு. சுயம்புவுக்கும் அப்படித்தான். பூவின் அழகைப் பற்றி அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. செடியைப் பற்றி ஒன்றை மட்டும் உறுதியாக நம்பினான், அந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் போல: வேர் வெளியே தெரியக்கூடாது. களை எடுத்த கையோடு மண்ணை அள்ளித் தூரில் அணைத்துவிட வேண்டும். தூர் தெரிய நிற்கும் செடியைக் கண்டால் "துணியில்லாம நிக்கு" என்பார்கள் அங்கே. வழியில் போகிறவன்கூட, அடுத்தவன் வயலானாலும், நின்று காலால் இரண்டு தள்ளு மண் தள்ளிவிட்டுத்தான் போவான்.

நாற்பத்தேழில் அவன் அண்ணன் பிச்சித் தோட்டத்துக் குத்தகையைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். சுயம்பு மனைவி தாணம்மாளோடு மலையேறினான். முத்துக்குழிவயலுக்குப் போகும் வழியில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் காப்பித் தோட்டம் இருந்தது. பங்களாவின் பூச்செடிகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளத்தைவிட அவனை இழுத்தது பங்களாவுக்குப் பின்னாலிருந்த ஓட்டு வீடு. ஓர் அறை, ஒரு சாய்ப்பு, வாசலில் ஒரு பலா. பிள்ளையில்லை. கீழே ஊரில் நிற்க ஓரடி மண்ணும் இல்லை.

"சாகது வரைக்கும் இது போதும்" என்றான்.

தாணம்மாள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "ஓடு நமக்கு முந்திச் செத்திரும் போல இருக்கே."

அவள் வாய் அந்தத் தோட்டம் முழுக்கப் பிரசித்தம். காது அதைவிட. மூன்று வளைவுக்குக் கீழே துரையின் கார் வருவதை அவள்தான் முதலில் சொல்வாள். கூலி லயத்தில் புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுப்பது பலாமரத்தடிக்குக் கேட்கும் என்பாள். கேட்டதை எல்லாம் சாயங்காலம் கஞ்சியோடு சேர்த்து அவனுக்குப் பரிமாறுவாள். "இதெல்லாம் ஒங்ககிட்ட சொல்லல்லன்னா எனக்கு வயிறு வெடிச்சிரும்" என்பாள்.

நாற்பத்தொன்பதில் துரையின் மனைவி மதாம்மாவுக்கு அவள் தங்கை சீமையிலிருந்து கப்பலில் நான்கு வேர்க்கிழங்குகள் அனுப்பினாள். ஈரப்பாசியில் பொதிந்து வந்தன. பியோனி என்று பெயர். பூ ஒரு சோற்றுக் கும்பா அளவு இருக்குமாம். மதாம்மா மரப்பீப்பாய் இரண்டைக் குறுக்கே அறுக்கச் சொல்லி நான்கு தொட்டியாக்கி, அடியில் துளை போட்டு, தானே நட்டாள். கிழங்கின் தலையில் சிவப்பாகக் கண்கள் இருந்தன. அவற்றின் மேல் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துக் காட்டினாள்.

"சுயம்பு, கண்ணுக்கு மேலே ஒரு விரல் மண். ஒரே விரல். அதிகம் ஆனால் பூ வராது."

"சரி அம்மா" என்றான்.

ஒரு வாரம் தண்ணீர் ஊற்றியதும் மண் அமிழ்ந்து கண்கள் எட்டிப் பார்த்தன. அவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு மண்ணைத் தொடுகிறவளுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? வெள்ளிக்கிழமை அவள் துரையோடு கிளப்புக்குப் போனபின் தொட்டிக்கு ஒரு கை மண் அள்ளி அணைத்தான். அடுத்த வெள்ளியும் அணைத்தான். தொட்டி மண் தானாகவும் அமிழும். அமிழ்ந்ததற்கு மேல் அவன் போட்டது யார் கண்ணிலும் படவில்லை. தாணம்மாள் கண்ணில் மட்டும் பட்டது. "ஒரு விரல்னு மதாம்மா சொன்னது எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டுதே" என்றாள். "ஒனக்குக் கேட்டது செடிக்குக் கேக்கல்ல. போ" என்றான்.

இரண்டு வருஷம் இலை வந்தது. பூ வரவில்லை.

மதாம்மா புத்தகங்களைப் புரட்டினாள். அவள் ஊரில் இந்தச் செடி மூன்று மாதம் பனிக்கு அடியில் செத்ததுபோல் கிடக்குமாம். அந்தக் குளிர் இல்லாமல் மொட்டு பிடிக்காதாம். இந்த மலைக் குளிர் போதாது என்று முடிவு செய்தாள். ஐம்பத்தொன்று கார்த்திகையில் ஒரு ஐஸ் பெட்டி லாரியில் வந்து இறங்கியது. அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தால் உள்ளே ஐஸ் உறையும். கீழே தீயும் மேலே ஐஸும் ஒரே பெட்டிக்குள் எப்படி என்று சுயம்பு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நாளொன்றுக்கு நான்கு தட்டு. தட்டுக்குப் பதினாறு கட்டி. விடியலில் தொட்டிக்கு ஒரு தட்டாகத் தூரைச் சுற்றி அடுக்க வேண்டும். ஒரு தொட்டியில் மட்டும் தர்மாமீட்டர் குத்தியிருந்தது. சூடு எவ்வளவு ஏறியதோ அந்த இடத்தில் ஒரு சின்னக் கம்பி நின்றுவிடும். பிறகு குளிர்ந்தாலும் இறங்காது. மதாம்மா காந்தத்தைக் காட்டி இழுத்தால்தான் இறங்கும்.

"நீ மறந்தால் இது சொல்லும்" என்றாள் மதாம்மா.

அந்த மார்கழியில்தான் தோட்டம் கைமாறப்போகிறது என்ற பேச்சு வந்தது. நாகர்கோவில் முதலாளி ஒருவர் வாங்குகிறார். சித்திரையில் துரை குடும்பம் கப்பலேறும். சுயம்பு வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசலில் போய் நின்றான். வீட்டைப் பற்றிக் கேட்டான். மதாம்மா இரண்டு நாள் கழித்து ஒரு காகிதத்தைக் காட்டினாள். சுயம்புவும் அவன் மனைவியும் சாகும்வரை அந்த ஓட்டு வீட்டில் இருக்கலாம், வாங்குகிறவர் இதற்கு ஒப்ப வேண்டும் என்று துரை கையெழுத்துப் போட்டிருந்தார். அவன் கை நீட்டினான். அவள் அதை உறையில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

"போவதற்கு முன் நான் ஒரு பூவையாவது பார்க்க வேண்டும், சுயம்பு. அது விரிகிற அன்று இது உன் கையில்."

உள்ளே துரை சிரிப்பது கேட்டது.

தையில் விற்பனைக் காரியமாகத் துரையும் மதாம்மாவும் சமையல்காரனோடு திருவனந்தபுரம் போனார்கள். பத்து நாள். ஐஸ் பெட்டியின் சாவியைச் சுயம்புவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவன் அதை மடியில் செருகி, மேலே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

மூன்றாம் நாள் தாணம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் உச்சியில் அவள் உடம்பு உலைமூடி போல் கொதித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி கம்பவுண்டர் யோவான் வந்தான். இரணியல்காரன், வாய் கொஞ்சம் நீளம், கை நல்ல கை. கண் இமையை விரித்துப் பார்த்தான். பாயோரம் குந்தியிருந்த சுயம்புவை வெளியே கூப்பிட்டான்.

"மலைக்காய்ச்சல்வே. கொய்னா மருந்து குடுத்தாச்சு. இனி தலைக்கு ஐஸ் வைக்கணும். சூடு மூளைக்கு ஏறிச்சுன்னா பொறவு நான் வந்து ஒரு பிரயோசனமும் இல்ல."

"ஐஸுக்கு எங்க போவேன்?"

யோவான் பங்களாவைப் பார்த்தான். அப்புறம் அவன் மடியைப் பார்த்தான். "சாவி அங்கதானே கெடக்கு."

"அது எண்ணி வச்ச ஐஸ்."

"எண்ணினவ திருவனந்தபுரத்துல இருக்கா."

"கம்பி காட்டிக் குடுக்கும்வே."

"கம்பி ஒரு தொட்டியிலதானே நிக்கு. அதுக்கு உள்ளத வச்சிரும். மத்த மூணு தட்டையும் இங்க கொண்டு வாரும்."

சுயம்பு இதை ஏற்கெனவே யோசித்திருந்தான். காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான்.

"எந்தத் தொட்டி பூக்கும்னு ஆருக்குத் தெரியும்? நான் எடுக்க தட்டுதான் பூக்கப்போற தொட்டிக்கு உள்ளதா இருந்தா?"

யோவான் அவன் முகத்தையே பார்த்தான். "பெண்டாட்டியா பூவான்னு நிறுத்துப் பாக்கீரு, தோவாளைக்காரன் இல்லியா."

"பூ இல்லவே. வீடு. நாளைக்கு அவ எழும்பினா படுக்கதுக்கு ஒரு எடம் வேண்டாமா?"

"எழும்பணும்லா" என்று சொல்லிவிட்டு யோவான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

மறுநாள் விடியலில் சுயம்பு பெட்டியைத் திறந்தான். அறுபத்து நான்கு கட்டிகளையும் நான்கு தொட்டியிலும் அடுக்கினான். கடைசிக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். விரல் மரத்துப்போனது. அதையும் வைத்தான். பிறகு வீட்டிலிருந்து ஒரு மண்சட்டி எடுத்துவந்து முதல் தொட்டியின் அடித்துளைக்குக் கீழே வைத்தான். ஐஸ் உருகி, மண்ணில் இறங்கி, எருவாகப் போட்ட எலும்புப் பொடியின் வாடையோடு பழுப்பாகச் சொட்டியது. சட்டி நிறைவதற்கு வெயில் ஏறும்வரை காத்திருந்தான். கையை விட்டுப் பார்த்தான். கிணற்றுத் தண்ணீரைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி. கொஞ்சம்தான்.

அந்தத் தண்ணீரில் துணியை நனைத்துத் தாணம்மாளின் நெற்றியில் போட்டான். அவள் கண் திறக்காமல் கேட்டாள்.

"என்ன மண்ணு மணக்கு?"

"ஐஸ் வெள்ளம் ஏட்டி. வாய மூடிட்டு மிண்டாம கெட."

"ஐஸுக்கு மண்ணு மணம் உண்டா?" உதடு வெடித்திருந்தது. ஆனாலும் சிரிக்கப் பார்த்தாள். "அப்பம் மதாம்மா ஐஸு போட்டுக் கலக்கிக் குடிக்கது தொட்டி மண்ணத்தானா?"

நான்கு நாள் அப்படிப் போயிற்று. நான்கு விடியலிலும் தொட்டிகளுக்கு ஐஸ் தவறவில்லை. நான்கு நாளும் தொட்டியின் கழிவுதான் அவள் தலைக்கு வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அவள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். சுயம்பு அவள் குடித்த கும்பாவைக் கழுவிக் கவிழ்த்தான். இரண்டும் தப்பிவிட்டது, பெண்டாட்டியும் வீடும் என்று நினைத்தான். அவளிடம் ஏதேதோ பேசினான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்பிடி மெள்ளப் பேசுகிய? சத்தமாச் சொல்லுங்க" என்றாள். அவள் குரல் பலாமரத்தைத் தாண்டிக் கேட்டது.

யோவான் அவள் காதருகே தகரத்தைத் தட்டிப் பார்த்தான். அவள் திரும்பவில்லை.

"காய்ச்சலாலயும் வரும். கொய்னாவாலயும் வரும். ஐஸ் வச்சிருந்தா..." நிறுத்திக்கொண்டான்.

"சொல்லும்" என்றான் சுயம்பு.

"சொல்லி என்னத்துக்கு? கேக்கவளுக்குக் காது இல்ல. காது உள்ளவரு கேட்டு என்ன செய்யப் போறீரு?"

மதாம்மா திரும்பி வந்ததும் உடை மாற்றாமல் நேராகத் தொட்டிகளிடம் போனாள். கம்பி அவள் விட்ட இடத்திலேயே நின்றது. "நல்லவன்" என்றாள். தாணம்மாளின் செய்தியைக் கேட்டு உச்சுக் கொட்டினாள். ஒரு டின் பிஸ்கட் கொடுத்தனுப்பினாள்.

மாசியில் முளை வந்தது. வெற்றிலை போட்ட நாக்கு நுனி போலச் சிவப்பு. மதாம்மா காலையும் மாலையும் தொட்டியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எலும்புப் பொடியைத் தண்டில் படாமல் விளிம்போரமாகத் தூவச் சொன்னாள். காலையில் மட்டும் தண்ணீர், அடித்துளையில் வடிகிற அளவு. பத்து மணி வெயிலுக்கு முன் தொட்டிகளை நிழலுக்கு இழுக்க வேண்டும். சுயம்புவும் தாணம்மாளும் பலகையில் ஏற்றிக் கயிறு கட்டி இழுத்தார்கள். முன்பெல்லாம் அவன் "ம்" என்றால் அவள் பிடிப்பாள். இப்போது அவன் காலால் அவள் காலை இடித்தான்.

செவிடான பிறகு அவள் பேச்சு குறையவில்லை. சத்தம்தான் கூடியது. தன் குரல் தனக்கே கேட்காதவள் எதையும் ஊர்கூட்டித்தான் சொன்னாள். உப்பு தீர்ந்ததையும் அவனுக்குப் பேதி என்பதையும் லயம் முழுக்கக் கேட்டுச் சிரித்தது. அவன் அவள் வாயைக் கையால் பொத்தப் பழகினான். முதலில் மெதுவாக. பின்பு அடிபோல் விழும்படி. அவள் கை பட்ட உதட்டைத் துடைத்துக்கொண்டு, "என்ன, சத்தமாப் போச்சா?" என்பாள், சத்தமாக.

பங்குனி பிறந்தது. தண்டு உயர்ந்து இலை விரிந்தது. மூன்றாவது தொட்டியில் மட்டும் ஒரு மொட்டு, பட்டாணி அளவு.

"இனி எறும்பு வரும்" என்றாள் மதாம்மா. "மொட்டு ஊதும்போது தேன் கசியும். எறும்பு வந்தால் நிச்சயம் பூ. விரட்டிவிடாதே."

சுயம்பு எறும்புக்குக் காத்திருந்தான். விடிந்ததும் போய் மொட்டின் அருகே முகத்தை வைத்துப் பார்த்தான். வரவில்லை. மொட்டு பட்டாணியாகவே நின்றது. பத்து நாள் போயிற்று. வாங்கப்போகிற முதலாளியின் ஆட்கள் வந்து கட்டிடங்களை அளந்தார்கள். ஓட்டு வீட்டை உரச்சாக்கு வைக்க ஆகும் என்று ஒருவன் சொன்னான்.

அன்று அவன் மொட்டைப் பார்த்து நிற்பதைக் கண்டு தாணம்மாள் கேட்டாள். அவன் விரல் நுனிகளை மொட்டின் மேல் ஊர்வதுபோல் காட்டி, இல்லை என்று கை விரித்தான்.

"எறும்புதானே?" என்றாள். "கருப்பட்டியக் கரைச்சுத் தடவுங்க. எறும்புக்கு மதாம்மா பூவுன்னு தெரியவா போகு."

அவன் ஓடிவந்து வாயைப் பொத்தினான். இந்தத் தடவை அவள் கீழ்ப்பல் உதட்டில் குத்தி ரத்தம் வந்தது.

மறுநாள் விடியலில் அவன் கருப்பட்டி கரைத்துத் தடவினான்.

எட்டு மணிக்கு மொட்டு கறுப்பாக மொய்த்திருந்தது. மதாம்மா பார்த்தாள். கையைக் கன்னத்தில் வைத்தாள். துரையைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கையில் அந்த உறை இருந்தது. பூ விரியும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. அதைச் சுயம்புவின் கையில் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

துரை குனிந்து பார்த்தார். எறும்புகளுக்கு நடுவே விரலை வைத்து எடுத்தார். பிசுபிசுத்தது. நாக்கில் வைத்தார். மதாம்மாவிடம் ஏதோ சொன்னார். அவளும் மொட்டைத் தொட்டு விரலை நக்கினாள்.

"இது என்ன, சுயம்பு?"

"பூவுக்க தேன்தான் அம்மா."

அவள் அவனைப் பார்த்தாள். நம்பத்தான் விரும்பினாள். அந்த நேரத்தில் தாணம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். புருஷன் கையில் உறையைக் கண்டாள். முகம் மலர்ந்தது. குடத்தை இறக்காமலே சொன்னாள்.

"கடுதாசி கிட்டியாச்சா? நான் சொல்லல்லியா, கருப்பட்டி தடவினா எறும்பு வரும்னு." மதாம்மாவைப் பார்த்துத் திரும்பினாள். "மூணு வருசம் வெள்ளிக்கிழம தவறாம மண்ணு அணைச்சாரு அம்மா. கண்ணு தெரியக்கூடாதுன்னு கை கையா அள்ளிப் போட்டாரு. நான் காய்ச்சல்ல வெந்து கெடந்தப்பளும் ஒரு ஐஸ் கட்டி எனக்குத் தரல்ல, அத்தனையும் செடிக்கே வச்சாரு. இப்பிடி ஒரு தோட்டக்காரன் ஒங்களுக்குக் கிட்டுவானா?"

சுயம்பு ஓரடி எடுத்து வைத்தான். துரை நின்ற இடத்தைத் தாண்டித்தான் அவளிடம் போகவேண்டும். கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது.

மதாம்மா கையுறை மாட்டாத விரலை மொட்டுவிட்ட செடியின் தூரோரம் மண்ணில் இறக்கினாள். முதல் கணு போயிற்று. இரண்டாவது போயிற்று. மண்டியிட்டுக் கையால் தோண்டினாள். கிழங்கின் தலை தட்டுப்பட்டபோது அவள் மணிக்கட்டு மண்ணுக்குள் இருந்தது.

"மூன்று வருஷம்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "இவ்வளவு ஆழத்தில் கிடந்தால் ஒரு மலை ஐஸ் வைத்தாலும் பூக்காது."

பிறகு, ஏதோ நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள். "அவளுக்கு ஐஸ் வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? நாலு கட்டி எடுத்தால் நான் என்ன, தூக்கிலா போடுவேன்?"

அவள் எழுந்து அவன் கையிலிருந்த உறையை எடுத்தாள். விரலில் கருப்பட்டியும் மண்ணும் சேர்ந்து ஒட்டியிருந்தன. உறையிலேயே ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். கசக்கித் தொட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதை எடுக்கலாமா என்று சுயம்பு கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். எறும்புகள் அதற்குள் காகிதத்துக்கு வந்துவிட்டன.

சித்திரை இரண்டாம் வாரம் ஓட்டு வீட்டில் உரச்சாக்கு அடுக்கினார்கள். சுயம்பு ஒரு டிரங்குப் பெட்டியையும் ஒரு பாயையும் சுமந்துகொண்டு இறங்கினான். தாணம்மாள் குடத்தையும் காலி பிஸ்கட் டின்னையும் எடுத்துக்கொண்டாள். வழி நெடுக அவள் பேசிக்கொண்டே வந்தாள். யார் யாருக்குச் சொல்லாமல் வந்துவிட்டோம், பலாவில் எத்தனை பிஞ்சு விட்டுவந்தோம் என்றெல்லாம். அவன் ஒருமுறையும் வாயைப் பொத்தவில்லை.

தோவாளையில் அண்ணன் அவனைப் பிச்சிக் கொல்லையில் கூலிக்குச் சேர்த்துக்கொண்டான். படுக்க மாட்டுத் தொழுவத்தின் ஓரச் சாய்ப்பு. தாணம்மாள் பறிக்கிற பெண்களோடு சேர்ந்தாள். அவள் கை வேகம். அவள் சத்தத்துக்காகவே மற்றவர்கள் அவளைச் சீண்டிப் பேசவைத்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஒரே ஒரு கேள்விதான் சுயம்புவுக்கு மிச்சம். தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? தண்ணீரில் மண் மணந்ததை அவள் மறந்தாளா? அவள் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. உதட்டில் பல் குத்திய இடம் மட்டும் சின்ன வடுவாக வெளுத்திருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் விடியலில் பெண்கள் வரிசையாகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவள் பாத்திக்குப் பின்னால் மண் அணைத்துக்கொண்டு வந்தான். மண்வெட்டியை ஊன்றிவிட்டு அவள் முன்னால் போய் நின்றான். அவள் நிமிர்ந்து அவன் வாயைப் பார்த்தாள்.

"அண்ணைக்கு நீ தெரிஞ்சுதான் சொன்னியா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் கை பறிப்பதை நிறுத்தியது.

"கேக்கல்ல" என்றாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "எல்லாருக்கும் கேக்க மாதிரி சத்தமாச் சொல்லுங்க."

அவன் சுற்றிலும் பார்த்தான். பன்னிரண்டு பெண்கள், அண்ணன், தராசுக்காரன். எல்லோரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குனிந்து மண்வெட்டியை எடுத்தான். அவள் காலடியிலிருந்த செடிக்கு ஒரு வெட்டு மண் அள்ளி அணைத்தான்.